தரகர் மூட்டை

என் வேலை அடித்து உடைப்பது. எங்கள் கேபிள் கம்பெனியில் மற்ற எல்லோரும் எதையாவது உருவாக்குகிறார்கள். நான் மட்டும் அவர்கள் உருவாக்கியதை எண்ணெய்த் தொட்டியில் முக்கி, அது தாங்க முடியாமல் 'பட்'டென்று வெடிக்கும்வரை மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவேன். எத்தனை ஆயிரம் வோல்ட்டில் உயிரை விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருபத்தெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. மயிலாத்தாள் என்ற என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. தளத்தில் நான் 'எமன் மேடம்'.

பழைய கேபிளை மண்ணில் புதைக்கக் கூடாது, உருக்கித் திரும்பவும் கேபிளாக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது கம்பெனி ஆடிப்போயிற்று. அதுவரை செம்புக் கம்பிக்கு மேல் நாங்கள் போர்த்திய உறை உருகாத ஜாதி. கோயம்புத்தூரில் பாதிக் கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ரஹ்மத் நிஷா எங்களிடம் வந்து சேர்ந்தாள். காயல்பட்டினத்துப் பெண், வேதியியலில் டாக்டர் பட்டம், பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவாள். வந்த முதல் நாளே தேநீர் நேரத்தில் எனக்கும், உறை வார்க்கும் மிஷினை ஓட்டும் குழந்தைவேலுவுக்கும் பாடம் எடுத்தாள்.

"பாலிப்ரொப்பிலீன்னு ஒரு பிளாஸ்டிக், அது சூடு தாங்கும் மேடம். ஆனா விறைப்பு, வளைச்சா விரிசல் விடும். ரப்பர் நல்லா வளையும், சூட்டுக்கு ஆகாது. ரெண்டையும் கலந்தா ரெண்டு குணமும் கிடைக்கும். ஆனா ரெண்டும் ஒட்டவே ஒட்டாது."

"எண்ணெயும் தண்ணியுமாட்டவா அம்மிணி?" என்றேன் நான்.

"அதேதான். அதனால நடுவுல ஒரு மூலக்கூறு வேணும். ஒரு கையால இதைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அதைப் பிடிச்சுக்கணும்."

குழந்தைவேலு டீயைக் கீழே வைத்தார். "அட, கல்யாணத் தரகருங்க!"

அன்றிலிருந்து அந்தப் பொருளுக்குத் தளத்தில் தரகர் என்றே பெயர். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று அது காற்றுப் புகாத அலுமினியப் பையில் வரும். அதன் பெயர் தரகர் மூட்டை.

ஏழு வருடம் ஆயிற்று. நிஷா எத்தனையோ தரகர்களை மாற்றிப் பார்த்தாள். நானும் ஒன்று விடாமல் உடைத்துக் கொடுத்தேன். போன வருடம் ஒருவழியாகச் சம்பந்தம் கூடிவந்தது. விஜயதசமி அன்று, நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்று குழந்தைவேலு ஓட்டிய முதல் வார்ப்பை அப்படியே சரவணம்பட்டியில் புதிதாகக் கட்டிய தென்றல் அடுக்ககத்துக்கு அனுப்பினார்கள். நாற்பத்தெட்டு வீடு. அதில் ஒன்று என்னுடையது. எங்கள் வயரை எங்கள் சுவரிலேயே ஓடவிட்டுப் பார்ப்போம் என்று ஏற்பாடு. தை மாதம் எல்லோரும் குடிபோனோம்.

செப்டம்பரில் சான்றிதழுக்கான கடைசிச் சோதனை. உறைக்குள் மின்னூட்டம் எங்காவது பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அது. துண்டை மெதுவாகச் சூடாக்கினால் பதுங்கியதெல்லாம் வெளியே கசியும். வரைபடத்தில் சாதுவாக ஒரு மேடு வரும். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு சுருள் என் அலமாரியில் இருக்கும். விஜயதசமிச் சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்தேன். மேடு வந்தது, ஆனால் மேட்டின் மேல் முழுக்க முடி முளைத்ததுபோல் பொடிப்பொடிக் கோடுகள்.

"இது இரைச்சல் இல்லையே மேடம்," என்றாள் நிஷா. "ஒழுங்கா இருக்கு. ஸ்பீக்கர்ல விட்டுப் பார்ப்போமா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். விட்டோம். கரகரவென்று ஏதோ ஓடியது. பிறகு ஸ்பீக்கருக்குள்ளிருந்து குழந்தைவேலுவின் குரல் கேட்டது.

"எமன் மேடம் வாராங்கடோய், போண்டாவ மறைங்க!"

நானும் நிஷாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சோதனை அறையில் தின்பண்டம் கூடாது என்று நான் போட்ட சட்டத்தின் லட்சணம் அது. ஆனால் நான் கோபப்படவில்லை, ஸ்பீக்கரையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தேன். என் அலமாரியில் சும்மா கிடந்த வயர் எங்கள் பேச்சைக் கேட்டு வைத்திருக்கிறது.

"ஒலி பட்டு உறை அதிருது. அதிர்ற அதிர்வுக்குத் தக்கபடி மின்னூட்டம் போய் ஒட்டிக்குது," என்றாள் நிஷா, முகம் வெளுத்து. "தரகர் கை கோத்திருக்கிற இடத்துல எங்கயோ குட்டிக் குட்டிப் பொந்து இருக்கு. சூடு பண்ணினா வெளிய வந்துடுது. இன்னொரு தடவை சூடாக்குங்க, பார்ப்போம்."

ஆக்கினேன். ஒன்றும் இல்லை. ஒரு முறை சொன்னதோடு சரி, வயர் அதை மறந்துவிட்டது.

"அப்ப அந்த நாப்பத்தெட்டு வீடு?" என்றேன்.

சுவருக்கும் காது உண்டு என்று ஊரில் சும்மாவா சொல்லி வைத்தார்கள். யார் வீட்டு வயரையும் கேட்காமல் வெட்டுவது நியாயமில்லை. அதனால் என் வீட்டுச் சமையலறை சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, அரை மீட்டர் உருவிக்கொண்டு வந்தேன். நான் தனிக்கட்டை. என் வீட்டில் என்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது என்று தைரியம்.

சூடேற்றியதும் அறையில் லேசாகக் கோயில் வாசம் வந்தது. என் சாமி அலமாரி சமையலறையில்தானே இருக்கிறது, அந்த வாசம் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஸ்பீக்கரில் நான் குக்கர் விசிலை எண்ணினேன். பாட்டு என்று நினைத்துக்கொண்டு எதையோ பாடினேன். நிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தினமும் எட்டு மணிக்கு அவள் விடுதிக்குப் போன் போட்டு, "சாப்டியா அம்மிணி?" என்று நான் கேட்பது வந்தது. அவள் மறந்துபோவாள் என்பதால் கேட்பது. அதற்கு அடுத்தாற்போல, ஊரிலிருக்கும் என் அக்காவிடம் நான் போனில் பேசியது வந்தது.

"அட போக்கா, ஒட்டிக்கிட்டாலும் நிஷாவோட கலவை சோதனைல தேறாது. பாவம், ஏழு வருசத்தத் தொலைச்சுட்டு நிக்குது அந்தப் புள்ள. நாஞ் சொன்னா மனசு ஒடிஞ்சுரும்னு வாய மூடிட்டிருக்கறேன்."

எனக்குக் காது மடல் எரிந்தது. அது பிப்ரவரியில் சொன்னது. ஜூனில் அவள் கலவை என் தொட்டியில் போட்ட எல்லாவற்றையும் தோற்கடித்துவிட்டது. என் எண்ணமும் மாறிவிட்டது. ஆனால் வயருக்குத் தேதி தெரியாது.

நிஷா ஸ்பீக்கரை அணைத்தாள். "ஏழு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிருக்கோம் மேடம். என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அம்மிணி, அது..."

"பரவால்ல மேடம்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று எட்டு மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். என்ன முகத்தோடு கேட்பது? வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். படிவத்தின் கடைசி வரி: 'வேறு ஏதேனும் இயல்புக்கு மாறான குணம்: உண்டு / இல்லை.' இருபத்தெட்டு வருடமாக யோசிக்காமல் 'இல்லை'யில் டிக் போட்ட கை. அன்று பேனா நகரவில்லை. 'உண்டு' என்று போட்டால் நிஷாவின் ஏழு வருடம் போகும். நான் வன்மம் வைத்துப் போட்டதாகவே அவள் நினைப்பாள். 'இல்லை' என்று போட்டால் நாட்டில் எத்தனை வீட்டுச் சுவருக்குள் எத்தனை காது! அழுதுகொண்டே 'உண்டு' போட்டேன். ஆமாம், அழுதேன். எமனுக்கும் கண்ணீர் வரும்.

முதலாளி தேவராஜ் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேபிள் வெடிச்சுதுங்களா மேடம்?"

"இல்லீங்க."

"தீப்பிடிச்சுதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு 'உண்டு'ங்கறீங்க?"

"அதுக்குக் காது கேக்குதுங்க."

விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவர் நெற்றியைத் தேய்த்தார். "பதினஞ்சு நாள் தர்றேன். ஏன் இப்படின்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணுங்க. முடியலைன்னா ஆராய்ச்சிப் பிரிவை மூடிட்டு, வெளிய இருந்து கலவைய வாங்கிக்கலாம். நிஷாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். "சரி மேடம்," என்றாள். கலவைக் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டாள்.

அடுக்ககத்துக்காரர்களிடமும் சொல்லித்தானே ஆக வேண்டும். சங்கத்தின் செயலாளர் எஸ்தர் ராணி டீச்சர், முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் போட்டார். நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். அத்தனை பேரும் ஒன்பது மாதம் தாங்கள் பேசியதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு ஒரே ரகளை. அடுத்த வீட்டு வயரைக் கேட்க முடியுமா என்று பதினோரு பேர் கேட்டார்கள். தன் வீட்டு வயரைப் போட்டுக் காட்டுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"ஒருத்தர் வயரும் வெளிய போகாது," என்றார் டீச்சர். "ஆனா மேடம், இதைச் சரி பண்ற வரைக்கும் நாங்க எப்படிக் குடியிருக்கறது?"

குடியிருந்தோம், சிரிப்பாய்ச் சிரிக்கும்படி. புருஷன் பெண்சாதி பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போனார்கள். மாடியில் வரிசை நின்றது. ஏ-மூன்றாம் எண் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஸ்லேட்டில் எழுதிச் சண்டை போட்டார்கள். நானே குக்கரிடம் வாங்க போங்க என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தேன். நான்கு நாளில் சிரிப்பு அடங்கிவிட்டது. சி-ஐந்தில் இருக்கும் பெண் என்னை மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க இப்பச் சண்டையே போடறதில்லீங்க மேடம். அவரு பேசறதையே நிறுத்திட்டாரு. சண்டை கூட இல்லாத வீடு ஒரு வீடுங்களா?"

என் வீட்டிலும் எட்டு மணி அப்படித்தான் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நிஷா இரண்டு ஆள் வேலை பார்த்தாள். புதிய தரகர் மூட்டைகளைப் பிரித்து அதே அளவில் கலந்து பார்த்தாள். வந்த வயரெல்லாம் சுத்தச் செவிடு. விஜயதசமி வார்ப்புக்கு மட்டும்தான் காது. அடுத்த வியாழக்கிழமை அந்தச் சுருளில் மிச்சமிருந்ததைச் சூடேற்றிக்கொண்டிருந்தோம். மிஷின் சாவி வாங்க வந்த குழந்தைவேலு வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங் மேடம், போண்டாவுக்கே தடைங்கறீங்க, இங்க யாரு கற்பூரங் கொளுத்துனது?"

"யாரும் கொளுத்தல. வயர்ல இருந்துதான் வருது," என்றாள் நிஷா.

குழந்தைவேலுவின் முகம் சுருங்கியது. ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். "அம்மிணி, நான் ஒண்ணு சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்களா?"

"சொல்லுங்கண்ணே."

"போன வருசம் ஆயுத பூசைக்கு ஒம்பது மிஷினுக்குங் கற்பூரம் வேணும்னு ஒரு மாசம் முன்னாலயே வாங்கிட்டேனுங்க. வெளிய வச்சா காத்துல கரைஞ்சு போயிரும். கம்பெனிலயே காத்துப் புகாத எடம் எதுங்க? தரகர் மூட்டைதானுங்களே. அதுக்குள்ள போட்டுக் கட்டி வச்சேன். பூசையன்னைக்கு எடுத்தா பாதிதான் இருந்துச்சு. எடை குறைச்சுட்டான்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்கே போயிட்டேனுங்க. மக்கா நாள் விசயதசமிக்கு அந்த மூட்டையத்தான் மிஷின்ல கொட்டுனது."

நிஷா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எட்டு நாளாக நான் கேட்காத சிரிப்பு. "கரைஞ்ச பாதியும் தரகர் குடிச்சுட்டாரு மேடம்! அதுதான் அந்தப் பொந்து. என் கலவையில தப்பே இல்ல!"

"அப்ப சூடு பண்ணுனா கற்பூரம் வெளிய போயிருமா அம்மிணி?"

"கேட்டு வச்சதும் போயிடும், கேக்கற காதும் போயிடும். சுவர உடைக்கவே வேண்டாம். எல்லா வீட்டு வயரும் ஒரு மணி நேரம் நல்லா சூடாகணும், அவ்வளவுதான்."

சூடாக்குவது எப்படி என்று டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பத்தெட்டு வீட்டிலும் கீசர், இண்டக்சன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கினோம். சூடு தாங்குமா என்று முதலாளி பயந்தார். "தொண்ணூறு டிகிரி வரைக்கும் தாங்கும், நானே உடைச்சுப் பார்த்திருக்கறேன்," என்றேன். சொல்லும்போது நிஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எல்லாம் வெளியேறிவிட்டதா என்று தெரிய வேண்டுமே. கீழே மீட்டர் அறையில், எல்லா வீட்டு எர்த்தும் ஒன்றாகச் சேரும் கம்பியில் நிஷா தன் கருவியை மாட்டினாள். எங்கள் ரகசியத்தை நீங்கள் இருவர் மட்டும் கேட்பீர்களா என்று கூட்டம் கொதித்தது.

"நாப்பத்தெட்டு வீடும் கலந்துதான் வரும். சந்தை இரைச்சல் மாதிரி இருக்கும், ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியாது," என்றாள் நிஷா.

"அப்ப எல்லாரும் சேர்ந்தே கேப்போம்," என்றார் டீச்சர். வாசலில் ஒலிபெருக்கி கட்டப்பட்டது.

பத்து மணிக்கு ஆரம்பித்தது. அடுப்பு எரிகிறதே, வீணாக்குவானேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டியை வைத்து வடை சுட்டார்கள். ஒரு வருடத் துணிக்கு இஸ்திரி போட்டார்கள். சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்து வெந்நீரில் குளிக்க வைத்தார்கள். பத்தரைக்கு சுவிட்ச் பெட்டிகளிலிருந்து கற்பூர வாசம் கசிந்தது. மாடிப்படி, லிஃப்ட், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் ஒரே மணம். கிருத்திகைக்கு மருதமலைக்குப் போனதுபோல் இருக்கிறது என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கி உயிர் பெற்றது. நிஷா சொன்னபடியே இரைச்சல்தான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. சி-ஐந்துப் பெண் பெருமூச்சு விட்டாள். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியமாகச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

சூடு ஏற ஏற இரைச்சல் தணிந்தது. அதற்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று எழும்பியது. முதலில் பெருமூச்சு போல, பிறகு திரும்பத் திரும்ப, ஒரே தாளத்தில்.

"சாப்... ட... சாப்... ட..."

"என்னதிது?" என்றார் முதலாளி.

நிஷாவின் கண்கள் விரிந்தன. "ஆளாளுக்கு வேற வேற பேசினது ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்குது சார். எல்லா வீட்லயும் பேசினது மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது."

சாப்டியா, சாப்டீங்களா, சாப்டாச்சா. வார்த்தையின் வால் மட்டும் தேய்ந்து போயிருந்தது. மாமியாருக்கு ஒரு வால், பிள்ளைக்கு ஒரு வால், புருஷனுக்கு இன்னொன்று, அதனால் ஒன்றும் நிற்கவில்லை. தலை மட்டும் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் பொதுவாக, ஆண் குரலும் பெண் குரலும் அல்லாத ஒரு பெரிய குரலில் வாசல் முழுவதையும் விசாரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மாதம் நாங்கள் பேசிய வசவு, புரளி, பொய் எல்லாம் போய் இதுதான் மிஞ்சியது. சி-ஐந்துக்காரர் மனைவியின் தட்டில் தன் வடையை வைத்தார். ஏ-மூன்று மருமகள் ஸ்லேட்டைக் குப்பையில் போட்டாள். நிஷாவைத் தேடினேன். அவள் கருவியின் மேல் குனிந்து, தேவையே இல்லாமல் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு ஒலிபெருக்கி அடங்கியது. வயருக்குக் காது போய்விட்டது.

திங்கட்கிழமை புதிய வார்ப்புக்கு, தரகர் மட்டும் கலந்து கற்பூரம் கலக்காத வார்ப்புக்கு, படிவத்தில் 'இல்லை' என்று டிக் போட்டேன். முதலாளி சான்றிதழுக்கு அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு எங்கள் மூவரையும் உட்கார வைத்தார். வெளியூரில் பெரிய இடம் ஒன்றுக்கு விஷயம் எட்டிவிட்டதாம். காது கேட்கும் வயர்தான் வேண்டுமாம், எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வார்களாம்.

"சும்மா கேட்டுக்கறேன்," என்றார் குழந்தைவேலுவிடம். "எவ்வளவு கற்பூரம், எந்தக் கடைச் சரக்கு, எத்தனை நாள் உள்ள இருந்துச்சு?"

இருபத்திரண்டு வருடமாக ஒன்பது மிஷின்களின் சூட்டையும் வேகத்தையும் துண்டுச் சீட்டு இல்லாமல் ஒப்பிக்கிற மனிதர் தலையைச் சொறிந்தார். "வயசாச்சுங்களே. ஒண்ணும் நெனப்பு வர மாட்டீங்குதுங்க."

முதலாளி நிஷாவைப் பார்த்தார். "அளவு தெரியலைன்னா இன்னும் ஏழு வருஷம் ஆகும் சார்," என்றாள் அவள், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல். முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போய் வேலையப் பாருங்க."

அன்று ஏழு மணிக்கே ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டேன். இரண்டு அப்பளம், கடைசியில் மோர். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. எட்டு மணிக்குப் போன் அடித்தது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு நிஷாவின் பெயர்.

"மேடம்... சாப்டீங்களா? நான் இன்னும் சாப்பிடல."

கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்தேன். சமையலறைச் சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"எங்க அம்மிணி, நானும் இன்னும் சாப்பிடவே இல்ல. வா, சேர்ந்தே சாப்பிடலாம்," என்றேன். கேட்டு வைக்க இனி அங்கே யாரும் இல்லை.